திறக்காத பெட்டிக்குள் எத்தனை மெகாபைட்?

புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தாமானில் கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடக்கிறது. அதற்காக நண்பர்கள் சேர்த்துக் கொடுத்த ஆறு ரவுட்டர் பெட்டிகள் மேசைமேல் கிடந்தன. எல்லாம் பழையவை. வீட்டில் புது லைன் போட்டதும் பழைய பெட்டி அலமாரி உச்சிக்குப் போய்விடும் அல்லவா, அங்கிருந்து இறங்கி வந்தவை. உதவிக்கு வந்திருந்த தம்பி கையில் திருப்புளி. “அண்ணே, நாலு ஸ்குரு கழட்டினா உள்ள எவ்ளோ மெமரி இருக்குன்னு தெரிஞ்சிரும்லா” என்றான்.

கழற்ற வேண்டாம் என்றேன். எந்தப் பெட்டி இருபது பிள்ளைகளின் கைப்பேசிகளைத் தாங்கும், எது ஐந்தாவது பிள்ளை வந்ததுமே திணறும் என்று முதலில் தெரிய வேண்டும். அதைச் சொல்லும் எண்ணைப் பெட்டியிடமே கேட்டு வாங்கலாம்.

ரவுட்டரும் ஒரு கணினிதான். திரையும் விசைப்பலகையும் இல்லாத குட்டிக் கணினி. அதற்குள் இரண்டு வகை நினைவகம் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பிறகு படிக்கிற எண்ணெல்லாம் தப்பாகப் போகும். தோட்டத்துக் கிராணி ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரோரம் ஓர் அலமாரி, அதில் பேரேடுகள். விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுப் போனாலும் மறுநாள் காலையில் அப்படியே இருக்கும். ரவுட்டரின் ஃபிளாஷ் அந்த அலமாரி. அதன் இயங்குதளமும் நீங்கள் போட்ட கடவுச்சொல்லும் அங்கேதான் உறங்குகின்றன. கிராணிக்கு முன்னால் ஒரு மேசை, அதன்மேல் அன்றைய வருகைப் பதிவான செக்ரோல் விரித்துக் கிடக்கும். வேலை நடப்பதெல்லாம் அங்கேதான். ரேம் என்பது அந்த மேசை. மின்சாரம் போனால் மேசை துடைத்து வைத்ததுபோல் காலியாகிவிடும்.

அந்த மேசையில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்தால் நினைவகம் ஏன் முக்கியம் என்பது விளங்கும். வீட்டுக்கு வெளியே உங்கள் இணைப்புக்கு ஒரே ஒரு முகவரிதான். உள்ளே பத்துக் கைப்பேசிகள். ஒரு பிள்ளை காணொளி கேட்டாள், இன்னொருவன் அகராதி கேட்டான். வெளியிலிருந்து வரும் பதில்கள் எல்லாம் ஒரே முகவரிக்கு வருகின்றன. எந்தப் பதில் யாருக்கு என்று பிரித்துக் கொடுக்க, ஒவ்வோர் இணைப்புக்கும் ரவுட்டர் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்கிறது. ஒரு கைப்பேசியில் நாலைந்து ஆப்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாலே பல பத்து இணைப்புகள் திறந்திருக்கும். ஒரு வகுப்பே உட்கார்ந்தால் ஆயிரக்கணக்கில் போகும். ஒரு வரிக்கு 300 பைட் என்று வைத்துக்கொண்டால் 10,000 வரிக்கு 3 மில்லியன் பைட், அதாவது 3 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் 32 மெகாபைட் ரேம் உள்ள பெட்டியில் இயங்குதளமும் வைஃபை மென்பொருளும் உட்கார்ந்த பிறகு மிஞ்சுவதே சில மெகாபைட்தான். அதிலிருந்துதான் ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனியாக வரிசைக் கிடங்கும் ஒதுக்க வேண்டும். மேசை நிறைந்துவிட்டால் புதிய இணைப்பை ஏற்காது. இல்லையென்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு நிரலை இயங்குதளம் நிறுத்தி இடம் பிடிக்கும். அதுவும் முடியாவிட்டால் பெட்டி தானே அணைந்து மறுபடி எழும். வீட்டில் இருப்பவர்கள் “லைன் போச்சு” என்கிறார்கள். லைன் நன்றாகத்தான் இருக்கிறது. மேசையில்தான் இடமில்லை.

ரேம் கூடினால் இணைய வேகம் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கூடாது. வேகம் லைனையும் செயலியையும் வைஃபை அலையையும் பொறுத்தது. எத்தனை பேரை ஒரே நேரத்தில், எத்தனை நாள், தடுமாறாமல் தாங்கும் என்பதுதான் நினைவகத்தின் கணக்கு.

எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்குக்குத் தனி அவசரம் உண்டு. இது பழைய தோட்டப்புறம். இன்றைய பெஸ்தாரி ஜெயா, அன்றைய பத்தாங் பெர்ஜுந்தை. அதன் அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். தோட்டத்தின் பெயரே தமிழ். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் காலியாகி மக்கள் தாமான்களுக்கு இடம் மாறினார்கள். செப்புக் கம்பி வழியே வரும் அகலக்கற்றை, தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட நலிந்துபோகும். நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் பயனே இருக்காது. ஸ்ட்ரீமிக்ஸ் அகலக்கற்றைச் சேவை 2001இல் வந்தபோது தோட்டங்களுக்கு அந்தத் தூரமே சாபமாக இருந்தது. யூனிஃபை சேவை 2010இல் கண்ணாடி இழையோடு வந்து நகரங்களில் தொடங்கியது. நாடு முழுக்க இணையத்தை விரிக்கும் ஜெண்டேலா திட்டம் 2020இல் அறிவிக்கப்பட்டது. 2021 முடிவோடு 3ஜி அலையை நிறுத்தினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு புதுப் பெட்டி வீட்டுக்குள் வந்தது, ஒரு பழைய பெட்டி அலமாரி உச்சிக்குப் போனது. இந்த வட்டாரத்து வீடுகளில் அப்படி உறங்கும் பெட்டிகளில் பாதி இன்னும் உழைக்கக் கூடியவை என்பது என் நம்பிக்கை. எந்தப் பாதி என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

திறந்து பார்த்தால் ஆகாதா? பல வருடம் முன்பு நானும் ஒன்றைத் திறந்தேன். ரவுட்டர் மூடிகளில் ஸ்குருவைவிட உள்கொக்கிகள்தான் அதிகம். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக், ஒரு நெம்பில் மூன்று கொக்கி உடைந்தது. உள்ளே பார்த்தால் சில்லுகளே தெரியவில்லை. அலைக்கசிவைத் தடுக்க அவற்றின்மேல் தகரக் கூடு ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். உடைத்ததுதான் மிச்சம். இன்னும் ஒரு விஷயம் அன்று எனக்குத் தெரியாது. இப்போது பல பெட்டிகளில் ரேம் தனிச் சில்லாக இருப்பதே இல்லை. மீடியாடெக் நிறுவனத்தின் எம்டி7621டிஏடி போன்ற சில்லுகளில் செயலியும் 128 மெகாபைட் ரேமும் ஒரே கறுப்பு ஓட்டுக்குள் இருக்கின்றன. கூட்டைப் பெயர்த்தாலும் அங்கே ரேம் என்று காட்ட எதுவும் இருக்காது. இதோடு, இணைய நிறுவனம் வாடகைக்குக் கொடுத்த பெட்டி நமக்குச் சொந்தமும் இல்லை. முத்திரை கிழிந்தால் உத்தரவாதமும் போகும்.

ஆகவே முதலில் பெட்டியைத் திருப்பி அடியிலுள்ள ஒட்டுச்சீட்டைப் பார்க்க வேண்டும். மாடல் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது அதற்குப் பக்கத்தில் பொடியாக இருக்கும் ‘வெர்ஷன்’ எண். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் என்ற பெட்டி உலகமெங்கும் விற்றது. அதன் 13ஆம் வெர்ஷனில் ரேம் 64 மெகாபைட், ஃபிளாஷ் 8 மெகாபைட். அடுத்து வந்த 14ஆம் வெர்ஷனில் ரேம் 32, ஃபிளாஷ் 4. புதியது பழையதில் பாதி. பெட்டியின் முகத்தில் இருக்கும் பெயரோ ஒன்றேதான். இதே கதையின் தாய்க்கதை லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி. 2002 டிசம்பரில் வந்த நீல-கறுப்புப் பெட்டி, இரண்டு ஆண்டெனா. அதற்குள் லினக்ஸ் ஓடியது. மூலநிரலை 2003இல் வெளியிட வேண்டி வந்ததால், ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற சுதந்திர மென்பொருள்கள் அதிலிருந்தே முளைத்தன. 16 மெகாபைட் ரேமும் 4 மெகாபைட் ஃபிளாஷும் இருந்த அந்தப் பெட்டியை, 2005இல் 5ஆம் வெர்ஷனில் 8க்கும் 2க்கும் குறைத்துவிட்டார்கள். லினக்ஸ் போய் விஎக்ஸ்வொர்க்ஸ் வந்தது. லினக்ஸ் கேட்டவர்களுக்கு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக ஒன்றை விற்றார்கள். கடையில் வரிசையாக அடுக்கியிருந்த ஒரே மாதிரிப் பெட்டிகளில் பழையது எது, பாதியாக்கப்பட்டது எது என்று வாங்குகிறவர் வரிசை எண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒட்டுச்சீட்டில் எஃப்சிசி எண் ஒன்றும் இருந்தால் அது நமக்குப் பெரிய உதவி. அமெரிக்காவில் விற்கும் வானொலி அலையில் இயங்கும் கருவிகள் எல்லாம் அந்நாட்டுத் தொடர்பு ஆணையத்தின் சோதனையைக் கடக்க வேண்டும். அந்தச் சோதனை ஆவணங்களில் பெட்டியைத் திறந்து எடுத்த படங்களும் பெரும்பாலும் இருக்கும், பொதுமக்கள் பார்க்கலாம். வேறொருவர் திறந்து, தகரக் கூட்டையும் கழற்றி, நமக்காகப் படம் பிடித்து வைத்திருக்கிறார். சில்லின்மேல் 25க்யூ64 என்று தெரிந்தால் அந்த 64 மெகாபிட். எட்டால் வகுத்தால் 8 மெகாபைட் ஃபிளாஷ். பிட்டையும் பைட்டையும் குழப்பி 64 மெகாபைட் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. நம் ஊர்ப் பெட்டிகளில் இருக்கும் சிரிம், தொடர்பு ஆணைய முத்திரைகள் அலைவரிசையையும் பாதுகாப்பையும் பற்றியவை. நினைவகம் பற்றி அவை எதுவும் சொல்லமாட்டா.

ஒட்டுச்சீட்டு சொல்வது தொழிற்சாலை சொன்ன கதை. அடுத்து, உயிரோடு இருக்கும் பெட்டியிடமே கேட்பது. உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று தட்டி நிர்வாகப் பக்கத்துக்குள் போனால் சில பெட்டிகள் நினைவகத்தைக் காட்டும். பல பெட்டிகள் ‘62 விழுக்காடு பயன்பாட்டில்’ என்று மட்டும் காட்டும். எதில் 62 விழுக்காடு என்று தெரியாமல் அந்த எண்ணால் ஒன்றும் செய்ய முடியாது. லினக்ஸ் ஓடும் பெட்டியில் கட்டளை வரிக்குள் நுழைய முடிந்தால் ஐயம் தீரும். ‘மெம்இன்ஃபோ’ என்ற கோப்பைத் திறந்து காட்டச் சொன்னால் முதல் வரியிலேயே மொத்த நினைவகம் வரும்.

மேசையிலிருந்த ஒரு பெட்டியில் முந்தைய சொந்தக்காரர் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றியிருந்தார். அதில் அந்த முதல் வரி ஏறக்குறைய 60 ஆயிரம் கிலோபைட் என்றது. தம்பி 1024ஆல் வகுத்துப் பார்த்து முகம் சுளித்தான். 58 மெகாபைட்டுச் சொச்சம். “இப்படி ஒரு சைஸே இல்லையே அண்ணே?” அவன் சொன்னது சரி. ரேம் சில்லுகள் 16, 32, 64, 128 என்று இரட்டிப்பாகவே வரும். இயங்குதளத்தின் கருநிரல் தனக்கு வேண்டிய இடத்தை முதலில் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் ‘மொத்தம்’ என்று அறிவிக்கிறது. சம்பளச் சீட்டில் பிடித்தம் போக வந்த தொகை மாதிரி. பிடித்தத்துக்கு முந்தைய தொகை வேண்டுமானால் பெட்டி எழும்போது எழுதும் குறிப்பேட்டைப் பார்க்க வேண்டும். அதில் ‘மெமரி’ என்று தொடங்கும் வரியில் சாய்கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும். இந்தப் பெட்டியில் இரண்டாவது எண் 65536. அதை 1024ஆல் வகுத்தால் மீதியே இல்லாமல் 64. தம்பியின் முகம் தெளிந்தது.

ஃபிளாஷ் எவ்வளவு என்று அறிய ‘எம்டிடி’ என்ற கோப்பு. அலமாரியின் தட்டுகளைப் பெயரோடும் அளவோடும் அது வரிசைப்படுத்தும். அளவுகள் பதினாறு அடிமான எண்களில் இருப்பதால் முதலில் மிரட்டும். ஒரு எளிய வழி இருக்கிறது. ஐந்து பதினாறுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 1,048,576, அதுவே ஒரு மெகாபைட். ஆகையால் கடைசி ஐந்து சுழியங்களை மூடிவிட்டு மிஞ்சுவதைப் படித்தால் மெகாபைட் கிடைக்கும். 00400000 என்றால் 4, 00800000 என்றால் 8. 01000000 என்றால் மிஞ்சுவது 10, ஆனால் பதினாறு அடிமானத்தில் அது நம் 16. எங்கள் பெட்டியில் தொடக்க நிரலுக்கு 128 கிலோபைட், முக்கிய மென்பொருளுக்கு 8000, வைஃபை அளவீட்டுக் குறிப்புகளுக்கு 64 என்று மூன்று தட்டு. கூட்டினால் 8192 கிலோபைட், சரியாக 8 மெகாபைட். ஒரு தட்டுக்குள்ளேயே சிறு தட்டுகளும் அதே பட்டியலில் வரும். அவற்றையும் சேர்த்துக் கூட்டிவிட்டால் இல்லாத ஃபிளாஷைக் கணக்கில் ஏற்றிவிடுவோம்.

பெரிய அலுவலகங்களில் சிஸ்கோ பெட்டிகளை மேய்ப்பவர்களுக்கு இது அன்றாட வேலை. ‘ஷோ வெர்ஷன்’ என்று கேட்டால், பழைய 2600 வரிசைப் பெட்டி 60416/5120 கிலோபைட் என்று சாய்கோட்டோடு பதில் சொல்லும். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விடுபவர்கள் தவறுகிறார்கள். முதல் எண் செயலிக்கான பங்கு, இரண்டாவது வந்துபோகும் தரவுப் பொட்டலங்களைத் தாங்கும் பங்கு. இரண்டையும் கூட்ட வேண்டும். இங்கும் 65536, இங்கும் 64 மெகாபைட். மிக்ரோடிக் பெட்டியென்றால் ‘சிஸ்டம் ரிசோர்ஸ்’ பக்கத்திலேயே மொத்த நினைவகம் எழுதியிருக்கும். பல நூறு பெட்டிகளைத் தூரத்திலிருந்தே கேட்க எஸ்என்எம்பி என்ற பொது மொழி உண்டு. அதில் 1.3.6.1.2.1.25.2.2.0 என்ற எண்முகவரிக்குக் கேள்வி அனுப்பினால், அந்தப் பகுதியை ஆதரிக்கும் கருவி தன் ரேமைக் கிலோபைட்டில் சொல்லும்.

இதெல்லாம் சரி, பெட்டிக்கே தன் நினைவகம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. மேசைக் கணினியில் செருகும் ரேம் பலகையில் ஒரு சின்னஞ்சிறு சில்லு தனியாக இருக்கிறது. ‘நான் இத்தனை ஜிகாபைட்’ என்று அது தன் விவரத்தைச் சொல்லும். ரவுட்டரில் ரேமை நேரே பலகையில் பற்றவைப்பதால் பெரும்பாலும் அப்படிச் சொல்ல ஆளில்லை. மின்சாரம் வந்த கணம் எழுவது தொடக்க நிரல். யூ-பூட் என்ற பெயரில் பல ரவுட்டர்களில் இருப்பது அதுதான். தன்முன் உள்ள ரேம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கண்ணும் கிடையாது. அதனால் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது.

எப்படி என்று சொல்ல லயத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு லயத்தில் எத்தனை வீடு என்று தெரியாது, எட்டா, பதினாறா, முப்பத்திரண்டா. உள்ளே போகவும் முடியாது. தபால்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு பழக்கம். எட்டு வீட்டு லயத்தில் 9ஆம் எண் போட்ட கடிதத்தைக் கொடுத்தால் ‘அப்படி வீடில்லை’ என்று திருப்பமாட்டார். எட்டாவது வீட்டோடு எண்ணிக்கை முடிந்ததும் மறுபடி முதல் வீட்டிலிருந்து தொடங்குவார். 9ஆம் எண் கடிதம் 1ஆம் வீட்டில் விழும். இப்போது 1ஆம் வீட்டில் நீலக் கடிதம் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். பிறகு 9ஆம் வீட்டுக்கு என்று எழுதி ஒரு சிவப்புக் கடிதத்தைக் கொடுத்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கச் சொல்லுங்கள். கடைசியில் 1ஆம் வீட்டில் இருப்பதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீலம் வந்தால் 9ஆம் வீடு உண்மையிலேயே இருக்கிறது. சிவப்பு வந்தால் லயம் எட்டோடு முடிந்துவிட்டது. வாசலில் நின்றபடியே வீட்டை எண்ணிவிட்டோம்.

ரேம் சில்லு அந்தத் தபால்காரரைப் போலத்தான் நடந்துகொள்கிறது. முகவரி என்பது பிட்டுகளின் வரிசை. 25 பிட் இருந்தால் 32 மெகாபைட்டைச் சுட்டலாம், 26 இருந்தால் 64, 27 இருந்தால் 128. 32 மெகாபைட் சில்லுக்கு 26ஆவது பிட் என்று ஒன்றே கிடையாது. அதை வைத்து முகவரி கொடுத்தால் அந்தப் பிட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டு மீதியைப் படிக்கும், அதாவது தொடக்கத்துக்கே திரும்பிவிடும். தொடக்க நிரல் இதைத்தான் சோதிக்கிறது. இரட்டிப்பாகப் பெருகும் முகவரிகளில் முன்பிருந்ததைப் பத்திரமாக எடுத்து வைக்கிறது. வெவ்வேறு அடையாளங்களை எழுதுகிறது. திரும்பப் படித்து, எந்த இடத்தில் ஒன்றை ஒன்று அழித்தது என்று பார்க்கிறது. அங்கே நினைவகம் முடிகிறது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, அளவைக் கருநிரலிடம் ஒப்படைக்கிறது. கண்ணிமைப்பதற்குள் நடக்கும் இந்தக் கணக்கெடுப்பின் விடைதான் குறிப்பேட்டில் நாம் படித்த 65536. பெட்டியைத் திறக்காமல் நினைவகத்தை அறிய நாம் வழி தேடினோம். அந்தப் பெட்டியோ தன் வாழ்நாள் முழுக்க, ஒவ்வொரு முறை எழும்போதும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

எல்லாப் பெட்டிகளும் இப்படித் தொட்டுப் பார்ப்பதில்லை. சிலவற்றில் அளவு முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும். மேலிருந்து வந்த எண்ணைக் கருநிரல் கேள்வி கேட்காமல் செக்ரோலில் ஏற்றிக்கொள்ளும். அந்த எண் தவறாக இருந்தால் பெட்டி சொல்வதும் தவறாகவே இருக்கும். டபிள்யூஆர்டி54ஜியின் 2ஆம் வெர்ஷனில் சில பெட்டிகளுக்குள் 32 மெகாபைட் சில்லு இருந்தது. மென்பொருள் 16 என்று பூட்டியிருந்தது. பெட்டியைக் கேட்டால் 16 என்றே சொல்லும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அமைப்பு மதிப்பு ஒன்றை மாற்றியபோது மீதிப் பாதி வெளியே வந்தது. எந்த எண்ணைப் படித்தாலும் இதைச் சொல்வது யார் என்று ஒரு கணம் யோசிப்பது இதனால்தான். ஒட்டுச்சீட்டு சொல்வது விற்றவர் சொல். மெம்இன்ஃபோ சொல்வது பயன்பாட்டில் இருக்கும் அளவு. படத்தில் தெரியும் சில்லின் எண், பலகையில் உள்ள பொருள். மூன்றும் ஒத்துப்போனால் நிம்மதியாக இருக்கலாம். ஒத்துப்போகவில்லையென்றால் அங்கே தோண்டிப் பார்க்க ஏதோ இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்விகளை உங்கள் சொந்தப் பெட்டியிடம் மட்டும் கேளுங்கள். கட்டளை வரிக்காக டெல்நெட் கதவைத் திறந்தால் வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். 2018 மே மாதம் வெளிச்சத்துக்கு வந்த விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைப் பிடித்தது. லிங்க்சிஸ், மிக்ரோடிக், நெட்கியர், டிபி-லிங்க் எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. ஃபிளாஷ் அளவு இங்கேதான் உயிர்நாடியாகிறது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் புதிய மென்பொருள் ஆண்டுக்கு ஆண்டு பருக்கிறது. 4 மெகாபைட் அலமாரியில் அது நுழையாது. ஓப்பன்டபிள்யூஆர்டி தன் 21.02 வெளியீட்டிலிருந்து குறைந்தது 8 மெகாபைட் ஃபிளாஷும் 64 மெகாபைட் ரேமும் கேட்கிறது. அதற்குக் கீழே உள்ள பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும், திருத்தம் வராத பெட்டி. பிள்ளைகள் பயன்படுத்தும் இடத்தில் இணையத்துக்கு வாசலாக அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மேசையிலிருந்த ஆறுக்கும் அன்று மாலைக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். இரண்டு, இணைய நிறுவனத்துக்குச் சொந்தமானவை. கட்டளை வரியும் பூட்டியிருந்தது. கொடுத்தவர்களிடமே திருப்பி, நிறுவனத்தில் ஒப்படைக்கச் சொன்னோம். ஒன்று 841என், 14ஆம் வெர்ஷன். ஒட்டுச்சீட்டே போதும், வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வைஃபையை அணைத்து, கம்பிகளைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியாக உள்ளறைக்கு அனுப்பினோம். அதே மாடலின் 13ஆம் வெர்ஷன், 65536 என்று சொன்ன அந்தப் பெட்டி, சின்னப் பிள்ளைகளின் அறைக்கு. ஐந்தாவது பெட்டியின் குறிப்பேட்டில் 131072 என்று இருந்தது. 128 மெகாபைட், ஃபிளாஷ் 16. மண்டபத்தின் வாசல் அதுதான். ஆறாவது ஒரு பழைய நீல-கறுப்பு லிங்க்சிஸ். அதைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டான். அதற்குள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். திருப்புளியை அன்று பைக்குள் இருந்து மறுபடி எடுக்கவே இல்லை.

கைப்பேசி வாங்கப் போனால் ரேம் இத்தனை, சேமிப்பகம் இத்தனை என்று பெட்டியின்மேல் எழுதியிருக்கிறது. பத்து ரிங்கிட் விரலி வாங்கினாலும் அளவு எழுதியிருக்கிறது. ஒரு வீட்டுக்கே, ஒரு வகுப்புக்கே வாசலாக நிற்கும் ரவுட்டரின் அட்டைப்பெட்டியில் ‘வேகம்’ என்று பெரிய எண்ணும் ஆண்டெனாவின் எண்ணிக்கையும் இருக்கின்றன, நினைவகம் பெரும்பாலும் இல்லை. அதை அச்சிட ஓர் அங்குல இடம் போதும். அச்சிட வைக்க வேண்டியது விதி செய்பவர்களின் கடமை. அதுவரை, பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கோ கோயில் வகுப்புக்கோ ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள் பணம் நீட்டுமுன் பெட்டியைத் திருப்புங்கள். மாடல் பெயரோடு வெர்ஷன் எண்ணையும் படியுங்கள். 64 மெகாபைட் ரேமும் 8 மெகாபைட் ஃபிளாஷும் இல்லாத பெட்டியை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், பிள்ளைகளுக்காக வாங்காதீர்கள்.